சாதா மணி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் டாக்ஸியின் கதவு திறந்ததோடு நிறுத்திவிட்டேன். இறங்கியது யார் என்று சொல்லாமல் போனதற்காக வாசகர்கள் என்னை வறுத்து எடுத்துவிட்டார்கள். வறுத்தது போதும். இறங்கியது ரேடியோதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரேடியோ என்பது இந்த வீட்டு மூத்த பிள்ளைக்குத் தங்கை வைத்த பெயர். சின்ன வயதிலிருந்தே கம்பியும் கருவியுமாகத் திரிந்ததால் வந்தது. தங்கைக்கு அவன் வைத்த பெயர் பிரேக். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவள் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுவதுதான் அவள் பிழைப்பு. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா தையல்காரி.

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தபோது ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று நின்றவன் ரேடியோ. பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கெட்ட பாதி வந்து வாய்த்தது. மிச்சமிருந்த வெளிச்சமும் போயிற்று. "உன்னாலதான்டா அவ கண்ணு போச்சு" என்று ஒரு நாள் அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துச் சொன்னார். அம்மா அப்போது குளியலறையில். அவள் வெளியே வருவதற்குள் பிள்ளை தட்டை நகர்த்திவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். நாலைந்து மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த தங்கையோடும் அவனுக்குப் பேச்சில்லை.

அப்படிப்பட்டவன் இன்று மதியம் தங்கையைத் தேடிப் பயிற்சி மைதானத்துக்கே வந்து நிற்கிறான்.

காரில் பிரேக்கின் பக்கத்தில் கணக்கு டீச்சர் ஒருவர் உட்கார்ந்து பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பர் போடுகிறவர். வெயில் கொளுத்தும் நேரத்தில் வைப்பர் கண்ணாடியைக் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருக்க, பிரேக் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

"அண்ணா!"

"நல்லா இருக்கியா?" என்றான். இளைத்திருந்தான். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அம்மா கையில் அகப்பட்டிருந்தால் அது அப்படி இருந்திருக்காது.

"நான் இருக்கேன். நீ எங்க போய்த் தொலைஞ்ச?"

"இங்கதான் இருந்தேன், ஒரு ரூம் எடுத்து. இப்ப கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு. சரக்குக் கப்பல். ரேடியோ, ரேடார் எல்லாம் பாத்துக்கணும். இன்னிக்கு சாயங்காலம் ரயில், நாளைக்குத் துறைமுகம்."

"எப்ப திரும்ப வருவ?"

"வருஷக்கணக்கா ஆகலாம். நடுக்கடல்ல போனும் எடுக்காது. இந்த சிம்மையும் கழட்டிடப் போறேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

அவன் சிரித்தான். அழுகையைவிட மோசமான சிரிப்பு.

"அதக் கேக்கத்தான் வந்தேன். அம்மா என்னப் பத்தி என்ன சொல்றாங்க வீட்டுல? எவ்வளவு கோவமா இருந்தாலும் மறைக்காம சொல்லு."

"கோவமா? உன் போனுக்காகத்தான்ணா உக்காந்திருக்காங்க. போன மடியவிட்டுக் கீழ வைக்கறதே இல்ல."

"பிரேக்கு, என்னக் குழந்தையா நெனச்சு சமாதானம் பண்ணாத. நான் கூப்பிடாத வாரமே கிடையாது. ஒரு தடவகூட எடுக்கல."

"இருக்கவே இருக்காது!"

"பாக்கறியா?" அவன் அங்கேயே எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் மணி போயிற்று. அவன் முகத்தில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்ததைத் தங்கை பார்த்தாள். பாழாய்ப்போன மனசு, கடைசி நிமிஷம் வரை அசடாகத்தானே இருக்கும். மணி கடைசிவரை போய், அழைப்பு எடுக்கப்படவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"அப்பா என்னக் குத்தம் சொன்னது ஒரே ஒரு தடவதான். அம்மா ஒவ்வொரு வாரமும் சொல்றாங்க" என்றான் ரேடியோ. "தப்பில்ல. அவங்க கண்ணு. அவங்களுக்குச் சொல்ல உரிமை இருக்கு."

"அண்ணா, உள்ள எங்கயாவது வேலையா இருப்பாங்க..."

"எப்பவுமேவா?" அவள் தலையில் கை வைத்து ஒரு முறை அழுத்தினான். "பாத்துக்க." டாக்ஸியில் ஏறிவிட்டான்.

இந்த இடத்தில் அம்மாவின் போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் போன பிறகு அம்மாவை ரொம்பப் படுத்தியது அடுப்பும் இல்லை, மாடிப்படியும் இல்லை. போன்தான். யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் எடுத்து, பாங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனோ ஒருவனிடம் வீட்டுக் கதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நல்ல வேளையாக பிரேக் வந்து பிடுங்கி வைத்தாள். அன்றிலிருந்து ரேடியோவுக்கு அதே யோசனை. தன்னால் போன கண்ணுக்குப் பதிலாக எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற வெறி அவனுக்கு.

மோர்ஸ் என்று ஒன்று உண்டு. புள்ளி மாதிரி குட்டையாக ஓர் ஒலி, கோடு மாதிரி நீளமாக ஓர் ஒலி. 'டி' ஒன்று, 'டா' ஒன்று. இந்த இரண்டை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்து அத்தனையும் சொல்லிவிடலாம். வயர்லெஸ் பரீட்சைக்காக ரேடியோ அதை மேசையில் தட்டித் தட்டிப் படித்தது அம்மாவின் தையல் மெஷின் இருந்த அறையில். மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டவளுக்கு, படித்தவனுக்கு முன்பே பாடம் வந்துவிட்டது.

எனவே ஆளுக்கு ஒரு ரிங்டோன் செய்ய உட்கார்ந்தான். கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடித்தால் அதை மோர்ஸ் ஒலியாக்கித் தரும். சுருதி எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று நாம் சொல்ல வேண்டும். வருவதை போனில் ஏற்றி அவரவர் எண்ணுக்கு வைக்க வேண்டும். கேட்க சுலபம். முதலில் செய்ததில் ஒவ்வொரு ஒலியும் 'டிக்' என்று வெட்டுப்பட்ட மாதிரி ஆரம்பித்தது. ஒலியின் இரண்டு முனைகளையும் மழுக்கினான். அப்புறம் பார்த்தால் போன் விழித்துக்கொள்வதற்குள் முதல் புள்ளியை முழுங்கிவிடுகிறது. தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்த்தான். "எழுத்தோட வேகம் சரிடா, எழுத்துக்கு நடுவுல மூச்சு விடு" என்றாள் அம்மா. இடைவெளிகளை நீட்டினான்.

"கூப்பிடறவங்க பேரெல்லாம் வேணாம்மா. அவங்க உன்ன எப்படிக் கூப்பிடுவாங்களோ, அதையே போனும் கூப்பிடட்டும்" என்பது அவன் திட்டம்.

சித்தியின் போன் வந்தால் 'அக்கா' என்று அடிக்கும். பிரேக் கூப்பிட்டால் 'மா'. அப்பாவிடம் வந்தபோதுதான் வண்டி நின்றது.

"அப்பா உன்ன எப்படிக் கூப்பிடுவாரு?"

"எங்கடா கூப்பிட்டாரு? தொண்டையத்தான் கனைப்பாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அதுதான் எம் பேரு."

அப்பாவுக்கு 'ஹ்ம்' என்று வைத்தான். இங்கிலீஷில் எச், எம். நாலு புள்ளி, இரண்டு கோடு. அவர் குரல் மாதிரியே கட்டையாக இருக்கட்டும் என்று சுருதியை இறக்கியதில், போனின் சின்ன ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. ஏற்றி வைத்தான். அப்பாகூட அன்றைக்குச் சிரித்தார்.

தனக்கு மட்டும் 'அம்மா' என்று முழுசாக வைத்துக்கொண்டான். டிடா, டாடா, டாடா, டிடா. "தொட்டில ஆட்டற மாதிரி இருக்குடா" என்று அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள்.

மற்ற ஊர்பேர் தெரியாத எண்களுக்கெல்லாம் போனோடு வந்த சாதா மணி. சாதா மணி அடித்தால் எடுக்கவே கூடாது என்பது ரேடியோ போட்ட சட்டம். அம்மா அதை மீறியதே இல்லை.

டாக்ஸி மைதானத்தின் வளைவில் மறைந்ததும் பிரேக் கோபத்தோடு அம்மாவுக்கு போன் போட்டாள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போட்டாள். முதல் 'மா' முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"சொல்லுடி. சாப்பிட்டியா?"

"நீ என்ன பண்ணிட்டிருக்க?"

"சட்டைக்குப் பொத்தான் வெச்சிட்டிருக்கேன். நிம்மதியா வைக்க விடறானுங்களா? இப்பத்தான் எவனோ லோன்காரன் அடிச்சு ஓஞ்சான்."

"எந்த மணிம்மா அடிச்சுது?"

"சாதா மணிதான். உங்க அண்ணன் சத்தம் வந்திருந்தா நான் இப்படியா உக்காந்திருப்பேன்? ஏன்டி கேக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. வந்து சொல்றேன்."

உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். டாக்ஸியில் ஏறியதுமே சிம்மைக் கழற்றிவிட்டான் போலிருக்கிறது.

"டீச்சர், இறங்குங்க."

"ரிவர்ஸ் இன்னும் முடியலையேம்மா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம் டீச்சர். தயவுசெஞ்சு இறங்குங்க."

அவள் கணக்கு எளிமையானது. வீட்டுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தன் பேச்சை அண்ணன் நம்ப மாட்டான். அம்மாவின் குரலைக் கேட்டால் நம்புவான்.

அம்மா ஜன்னலோரம் பொத்தான் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணில்லாமல் துணி வெட்ட முடியாது. பொத்தான் வைக்க விரல் போதும். அப்பா வேலையிலிருந்து நேரங்கழித்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் போனக் குடும்மா, ஒரு நிமிஷம்."

அம்மா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிரேக் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். சித்தி இருந்தாள். அப்பா இருந்தார். தானும் இருந்தாள். அண்ணன் இல்லை. எப்படித் தேடினாலும் இல்லை.

தலை நிமிர்ந்தபோது அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்த வேண்டும் போல இருந்தது. முதலில் அண்ணனின் பெயரைத் திரும்ப ஏற்றினாள். எண்ணைப் போட்டாள். ரிங்டோன் பட்டியலில் அவன் செய்து வைத்த 'அம்மா' அப்படியே கிடந்தது. அதைத் தொட்டாள்.

தொட்டால் போன் அதை ஒரு தடவை ஒலித்துக் காட்டும். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

டிடா, டாடா, டாடா, டிடா.

அம்மா எழுந்த வேகத்தில் டப்பா கவிழ்ந்து பொத்தான்கள் தரையெல்லாம் ஓடின. "அவன்தான்! குடுடி, குடுடி, வெச்சிடப் போறான்!" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தவள் நாற்காலியில் முட்டிக்கொண்டாள். மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா... சொல்லுய்யா... எங்கய்யா இருக்க? சாப்பிட்டியா? ஏன்யா இத்தன நாளா கூப்பிடல? அம்மா மேல கோவமா?"

போனில் யாரும் இல்லை. அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். பதில் வரும் என்று முகம் சிரித்தபடி இருந்தது. பிரேக் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா? கேக்குதா? பேசுப்பா."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "லைன் கட்டாயிடுச்சு போல. அப்புறமா கூப்பிடுவான்."

அந்தப் பொய் அவர் யோசித்துச் சொன்னதல்ல. பழகிப்போன வாய், தானாகச் சொல்லிற்று. ஆனால் பிரேக்குக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்பா, போதும்ப்பா! இன்னும் எத்தன பொய் சொல்லுவீங்க?" அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மா, அது அண்ணன் இல்ல. நான்தான் சத்தத்த வெச்சுப் பாத்தேன். அண்ணன் இத்தன மாசமா கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. உன் போன்ல அவர் பேர அழிச்சிருக்காங்க. அதனால அவர் கூப்பிட்டப்பல்லாம் உனக்கு சாதா மணி அடிச்சிருக்கு. கொஞ்ச நேரம் முன்னாடி நீ லோன்காரன்னு சொன்னியே, அது அண்ணன்தாம்மா. என் பக்கத்துல நின்னு கூப்பிட்டாரு. நீ வேணும்னே எடுக்கலன்னுதான் அவருக்கு நெனப்பு. ஆபரேஷனுக்காக நீயும் அவரத்தான் குத்தம் சொல்றன்னு நெனச்சிட்டாரு. இன்னிக்கு ரயிலேறிக் கப்பலுக்குப் போறாரு."

அம்மா போனைக் காதிலிருந்து இறக்கினாள். மெதுவாகக் கேட்டாள்.

"யாரு அழிச்சது?"

வீட்டில் மூன்றே பேர். ஒருத்திக்குக் கண் இல்லை, ஒருத்திக்கு விஷயமே தெரியாது.

"கோவத்துல அழிச்சேன்" என்றார் அப்பா. "பேர அழிச்சிட்டா போனே வராதுன்னு நெனச்சேன். மறுநாளே அடிச்சுது. நீ யாருங்கன்னு கேட்ட. வாயில வந்தத சொன்னேன். அப்புறம் அடிக்கறப்பல்லாம் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒரு நாள் ராத்திரி பழையபடி பேர ஏத்திடலாம்னு பாத்தேன். பேரு ஏறுச்சு. அந்தச் சத்தத்த எப்படி வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. சத்தம் இல்லாம வெறும் பேரு இருந்து என்ன பண்ண? திரும்ப அழிச்சிட்டேன்."

"என்னக் கேட்டிருக்கலாம்லப்பா?"

"உன்கிட்ட என்னன்னு சொல்லிக் கேப்பேன்?"

ஊரில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றாலும் இருட்டுக் குழிக்குள் இறங்கிச் சரிசெய்கிற மனுஷர். பெற்ற பெண்ணிடம் போய், தப்பு செய்துவிட்டேன், சரிசெய்து கொடு என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு குடும்பத்தைப் பாதியில் தொங்கவிட்டிருக்கிறார். ஆத்திரத்தில் அழித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். இந்த வறட்டு ரோஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நான் அவனுக்கு போட்டுக் குடுங்கன்னு கேட்டப்பல்லாம், எடுக்க மாட்டேங்கறான்னு சொன்னீங்களே?" என்றாள் அம்மா.

"போடவே இல்ல."

"மழை பேஞ்சு கரண்ட் போன அன்னிக்கு அடிச்சுதே?"

"அவன்தான்."

"நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப, விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்துச்சே ஒரு நாளு. சனியனே, வேற வேலை இல்லையா உனக்குன்னு போனப் பாத்துத் திட்டினேனே. உங்ககிட்டகூட வந்து சொன்னேனே. அதுவும் அவனா?"

அப்பா கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார்.

"சொல்லுங்க. அதுவும் என் புள்ளையா?"

"ம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பிரேக் நினைத்தாள். அம்மா அழவில்லை. சுற்றிலும் சிதறிக் கிடந்த பொத்தான்களைக் கை வைத்துத் தடவினாள். ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"கண்ணு போனதுக்கு நான் யாரையாவது ஒரு வார்த்த சொன்னேனாங்க? எனக்குக் காது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

"நான் வேணும்னு..."

"பிரேக்கு" என்றாள் அம்மா, அவர் பேச்சு காதில் விழாத மாதிரி. "உங்க அப்பா நம்பருக்கு உங்க அண்ணன் செஞ்சு குடுத்த சத்தம் இருக்குல்ல, அத எடுத்துடு."

"மா..."

"எடுடி. அவரும் இனிமே சாதா மணியிலயே கூப்பிடட்டும். என் புள்ள கையால செஞ்சது அவருக்கு வேணாம்."

பிரேக் அப்பாவைப் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. அவர் நிற்கும்போதே அவர் எண்ணைத் திறந்து அந்த 'ஹ்ம்'மை எடுத்தாள். அவருக்குக் கண் கலங்கியது அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

"போகட்டும்" என்றாள் அம்மா. "ரயில் எப்போடி?"

"சாயங்காலம்னுதான் சொன்னாரு. எந்த வண்டின்னு நான் கேட்டுக்கல."

"என் செருப்ப எடு."

தலையில் 'எல்' போர்டு சுமந்த கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஊர் அதை நம்பாது. ஹாரன் அடித்துக்கொண்டே எல்லாரும் முந்திப் போனார்கள். பைக்கில் வந்த ஒருவன் குனிந்து பார்த்து, "அக்கா, மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு நாளாக இருந்தால் பிரேக் அவனை விட்டிருக்க மாட்டாள்.

அம்மா பக்கத்து இருக்கையில். பதற்றத்தில் அவள் கால் கீழே இருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் போய் அழுந்த, கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது.

"மா, கால எடு! அது பிரேக்கு!"

"எனக்கென்னடி தெரியும்? எங்க பாத்தாலும் நீயே இருக்க."

ஒரு கணம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் அம்மா அழுதுவிட்டாள். வீட்டில் வராத அழுகை இங்கே வந்தது.

"என் மேலயும் தப்புதாம்மா" என்றாள் பிரேக், சாலையைப் பார்த்தபடி. "அவனுக்கு போன் போட்டுக் குடுடின்னு என்னையும் நீ கேட்ட. போனவரு அவரு, வேணும்னா அவரே கூப்பிடட்டும்னு ரோஷமா பேசினேன்."

"உங்க அப்பா பொண்ணுதானே நீ." அதில் கோபம் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்பீக்கர்ல போட்டுக் குடுடி. இனிமே எந்த மணி அடிச்சாலும் எடுப்பேன். சிம்மு மாத்திட்டான்னா புது நம்பர்லேர்ந்துதானே கூப்பிடுவான்? எடுத்ததுமே, உன் மேல எனக்கு ஒரு குத்தமும் இல்லைய்யான்னு சொல்லிடணும். சாப்பிட்டியா, நல்லா இருக்கியாவெல்லாம் அப்புறம். நடுவுல கட்டானாலும் அது அவன் காதுல விழுந்துடணும்."

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஊரைத் தாண்டுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில்வே கேட். அவர்கள் போய்ச் சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது. முன்னால் ஒரு லாரி, பின்னால் வரிசையாக வண்டிகள். திரும்பவும் வழியில்லை.

போன் அடித்தது. சாதா மணி.

அம்மா விரலால் தடவி எடுத்தாள். "ஐயா, உன் மேல எனக்கு ஒரு குத்தமும் இல்லைய்யா! கண்ணு போனது உன்னால இல்ல. நீ கூப்பிட்டது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாதுய்யா. வந்துடு கண்ணு, வீட்டுக்கு வந்துடு."

அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "மேடம்... பர்சனல் லோன் விஷயமா கூப்பிட்டேன். சாரி மேடம். வெச்சிடறேன்."

"பரவால்லம்மா" என்றாள் அம்மா. "நீ வேலையப் பாரு."

ரயில் வந்தது. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வெளியூர் நோக்கி, முதலில் மெதுவாகவும் போகப் போக வேகமாகவும் பெட்டி பெட்டியாகக் கேட்டைக் கடந்தது. ஜன்னல்களில் முகங்கள். பிரேக் ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"எந்தப் பக்கம்டி போகுது?"

"தெரியலம்மா" என்றாள். பொய்தான். அப்பாவின் பெண்தானே.

கடைசிப் பெட்டியின் சத்தமும் அடங்கியது. போன் மறுபடி அடித்தது. அதே சாதா மணி. அம்மா எடுத்தாள். இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக, "யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்." அப்பாவின் குரல். மூச்சு வாங்கியது. பின்னால் கூட்டச் சத்தம், ஒலிபெருக்கியில் ஏதோ வண்டியின் பெயர், பிளாட்பாரத்தின் எண். "இங்க வந்து... இவன்..."

"ராங் நம்பருங்க" என்றாள் அம்மா. "எம் பையன் கூப்பிடற நேரம். வைங்க." கட் செய்துவிட்டாள்.

"மா! என்னம்மா பண்ண? அப்பா ஸ்டேஷன்ல இருக்காரு! பின்னாடி சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வெச்ச?"

"இப்பப் போச்சே அந்த வண்டியில அவன் போயிட்டான்னு சொல்லத்தான் கூப்பிடறாரு. அத அவர் வாயால கேக்க எனக்குத் தெம்பு இல்லடி."

"அண்ணன் அவர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தா?"

கேட் மேலே ஏறியது. லாரி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரனை அழுத்தினார்கள்.

அந்த இரைச்சலுக்குள் போன் மூன்றாவது தடவை அடித்தது. பிரேக் ஒரு கையை நீட்டினாள். "குடும்மா, நான் பேசறேன்."

அம்மா போனை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிக்கொண்டாள். கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. சாதா மணி கடைசிவரை அடித்து ஓய்ந்தது.